வாப்பா ஊட்டும் ஒரு வாய்

என் மகள் ஸஹ்ராவுக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளும் என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன்: சோறு, அவித்த பூசணி, உப்புப் போட்ட பருப்பு. எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டால்தான் தலை சுற்றும். முட்டையை நிறுத்தினேன். பால்மாவை நிறுத்தினேன். நெத்தலி, தக்காளி, கத்தரிக்காய், கோழி என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி, கடைசியில் மூன்று வயதுப் பிள்ளை வளர்வதே நின்றுபோனது.

கச்சான் கடலையைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் நிறுத்தினோம். என் கணவர் ஜெஸீமின் தங்கை ஷஹீலா வீட்டில் ஒரு துண்டு கச்சான் அல்வாவைத் தின்றுவிட்டு, பிள்ளைக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். பிறகு கிளினிக்கில் டொக்டர் சிவசக்தி எல்லாவற்றையும் விசாரித்தார். வீட்டில் யார் யார், என்ன சமைப்பீர்கள், பிள்ளையின் வாப்பா என்ன தொழில் என்று கேட்டார். "யாவாரம்" என்றேன். எங்கள் ஆட்களில் தேங்காய் விற்பவரும் அதைத்தான் சொல்வார், தங்கம் விற்பவரும் அதைத்தான் சொல்வார். டொக்டரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஜெஸீம் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கச்சான் வறுத்து விற்கிறார். அன்றிலிருந்து ஒரு சுருள் கச்சான்கூட வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. அவ்வளவு கவனமான மனுஷன். அப்படியிருந்தும் பிள்ளைக்கு முகம் தடித்தது. கன்னம் சிவந்து, காதடியைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வாள். நான் அன்றைய கறியை முறைத்துப் பார்ப்பேன். அடுத்த நாள் அந்தக் கறி எங்கள் வீட்டில் இருக்காது. டொக்டர் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, பிறகு திரும்பவும் கொடுத்துப் பார்க்கத்தான் சொன்னார். நிறுத்துவதற்கு எனக்குத் தைரியம் இருந்தது, கொடுப்பதற்கு இல்லை.

"எல்லாத்தயும் நிப்பாட்டி நிப்பாட்டி இந்தப் புள்ளய எலும்பாக்கிட்டீங்களே. நாங்க எல்லாம் கச்சான் திண்டுதானே வளந்த" என்றாள் ஷஹீலா. வந்த ஆத்திரத்துக்கு அவளைப் படியிறக்கி விட்டிருப்பேன். அல்வா கொடுத்த வாய்க்குப் பேச்சைப் பார்!

நோன்பு மாதம் வந்தது. ஜெஸீம் கடையிலேயே நோன்பு திறந்து, அப்படியே பள்ளிக்குத் தொழப் போய்விடுவார். வீடு வரும்போது பிள்ளை தூங்கியிருப்பாள். அந்த மாதம் முழுக்க அவள் உடம்பில் ஒரு தடிப்புக்கூட இல்லை. கடைசியாக நிறுத்தியது போஞ்சிக்காய். அப்படியென்றால் போஞ்சிதான் கள்ளன் என்று முடிவு கட்டினேன். கிளினிக்கில் நிறை பார்த்த நர்ஸ், "என்னம்மா, எறங்கிட்டே போகுதே" என்று ஏசினார். ஏசட்டும். பிள்ளை சொறியாமல் தூங்கினாள். அது போதும் என்று சந்தோஷத்தில் அழுதேன்.

பெருநாள் முடிந்து ஜெஸீம் மறுபடி கடை திறந்தார். அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு வந்து, குழாயில் கையை நனைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். ஸஹ்ரா ஓடிப்போய் மடியில் ஏறினாள்.

"வாப்பா, ஒரு வாய்!"

நான் சமைத்த அதே சோறு, அதே பருப்பு. அவர் உருட்டி ஊட்டினார். கொஞ்ச நாளாய்க் கிடைக்காத சந்தோஷத்தில் அவள் இன்னொரு வாயும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கோப்பையில் சோறு முடியவில்லை, இருமல் தொடங்கியது. உதடு தடித்தது. "உம்மா" என்று கூப்பிட்ட குரல் வேறு யாருடையதோ போலக் கரகரத்தது.

ஜெஸீம் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். த்ரீவீலில் அவர் தோளிலேயே வாந்தி எடுத்தாள். நான் கலிமாவைச் சொல்லிக்கொண்டே டிரைவரைத் திட்டினேன். உள்ளுக்குள் ஒரே எண்ணம்தான்: பருப்புமா? யா அல்லாஹ், இனி என் பிள்ளைக்கு எதைத்தான் கொடுப்பேன்?

ஊசி போட்டார்கள். மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. டொக்டர் சிவசக்திதான் வந்து பார்த்தார்.

"என்ன சாப்பிட்டா?"

"சோறும் பருப்பும். நான்தான் ஆக்கின, டொக்டர்."

"ஊட்டினது யாரு?"

"நான்தான்" என்றார் ஜெஸீம். "எனட புள்ளக்கி ஒரு வாய் ஊட்டாம நான் ராவெக்கி சாப்புடுறல்ல. இந்த நோம்புலதான் ஏலாமப் போன."

டொக்டர் அவர் கையைப் பார்த்தார். நகத்தடியில் வறுக்கும் மணலின் கறுப்பு. அதோடு ஒட்டிக்கொண்டு, செம்மண் நிறத்தில் மெல்லிய தோல்.

"நீங்க என்ன தொழில் செய்யிறீங்க?"

"யாவாரம்."

"என்ன வியாபாரம்?"

"கச்சான், டொக்டர். வறுத்து விக்கிற."

டொக்டர் கோபமில்லாமல்தான் சொன்னார். கையில் ஒட்டியிருக்கும் துளி போதுமாம் இந்தப் பிள்ளைக்கு. தண்ணீரில் நனைத்தால் போகாதாம். கடையிலிருந்து வந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தொட வேண்டுமாம். நிறுத்திய சாப்பாடுகளைத் தன் முன்னால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்க்கலாமாம். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. முட்டையையும் மீனையும் குற்றவாளியாக்கிப் பிள்ளையைப் பட்டினி போட்டேனே என்று நெஞ்சு எரிந்தது. ஜெஸீமைப் பார்க்கவே பயமாக இருந்தது.

காலையில் அவர் குளித்து, வேறு சேர்ட் போட்டுக்கொண்டு வார்டுக்கு வந்தார். கைகளைத் தேய்த்துத் தேய்த்து நகக்கண்ணில் இரத்தம் கசிந்திருந்தது. இப்போது தொடலாம் என்று டொக்டரே சொன்னார். ஆனாலும் அவர் கட்டிலுக்குக் கிட்ட வரவில்லை, கதவடியிலேயே நின்றார்.

ஸஹ்ரா பசியோடு எழுந்திருந்தாள். நான் சோற்றைப் பிசைந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"வாப்பாதான் ஊட்டணும்."

ஜெஸீம் என்னைப் பார்த்தார். "வாப்பாக்கு கை நோவுதாம்னு செல்லுங்க" என்றார்.

நான் சொல்லக் காத்திருக்கவில்லை அவள். கட்டிலிலிருந்து இறங்கி, அந்தக் குச்சிக் கால்களால் நடந்து அவரிடம் போனாள்.

"காட்டுங்க வாப்பா. நான் கொஞ்சினா சொகமாகிரும்."

உதட்டைக் குவித்துக்கொண்டு அவர் கையைப் பிடிக்க எட்டினாள். அவர் இரண்டு கைகளையும் வெடுக்கென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

"வாப்பா கோவமா?"

அவர் அப்படியே நின்று அழுதார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிசைந்த சோற்றை எடுத்துக்கொண்டு கிட்டப் போய் நீட்டினேன். ஸஹ்ரா வாய் திறக்கவில்லை.