தணிகைவேல் தாண்டாத ஆறு

அமெரிக்காவில் எல்லையோரத்து ஊர்களில் ஷெரீப் என்று ஓர் உத்தியோகஸ்தன் உண்டாம். நெஞ்சில் நட்சத்திரம் குத்திக்கொண்டு ஒற்றை ஆளாக ஊரிலுள்ள அயோக்கியர்களையெல்லாம் சுட்டுத் தீர்த்துவிட்டு, தலை நரைத்த பிறகு தன் வீரத்தைத் தானே ஒருத்தரிடம் சொல்லி எழுதவைப்பானாம். அதை நம்பி நாலு பேர் படம் எடுப்பார்களாம். அப்படியொரு ஜீவிய சரித்திரம் ஐந்து சுருளாக எங்கள் டூரிங் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது, மதராஸிலிருந்து இங்கே வரைக்கும் எல்லா ஊர்க்காரர்களும் பார்த்துத் தேய்த்திருந்தார்கள். படம் முழுக்கக் கீறல். அமெரிக்காவில் ஓயாமல் மழை பெய்கிறது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அரங்கநாதன், வில்லியனூர்க்காரன். தங்கவேல் முதலாளியின் கொட்டகையில் கதை சொல்லுகிற வேலை. பேசும் படம் வந்துவிட்டது என்று பட்டணத்தில் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் படம் பேசாது, நான்தான் பேசுவேன். திரைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, கையில் பிரம்பை வைத்துக்கொண்டு, அவன் இவன் என்று காட்டிக் கதை சொல்ல வேண்டும். இங்கிலீஷ் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அது என் தொழிலுக்கு ஒரு நாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

திரை என்றால் ஒரு வெள்ளைத் துணி. அதைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினால் படம் இரண்டு பக்கமும் தெரியும். ஆண்கள் துணிக்கு முன்னால் உட்காருவார்கள், பெண்கள் பின்னால். பெண்களுக்கு எல்லாம் இடம் வலமாகத் தெரியும். ஆனால் ஆளும் குதிரையும் தெரிகிறதல்லவா, போதும் என்று விட்டுவிட்டோம். இதைப் பற்றி அன்றைக்குவரை யாரும் புகார் சொன்னதில்லை.

அந்தப் பங்குனியில் பாகூரில் அறுப்பு முடிந்த வயலில் கொட்டகை போட்டோம். போடுவதற்குப் பிரெஞ்சு சர்க்காரின் போலீஸ் சிப்பாய் தணிகைவேல் தலையாட்ட வேண்டும். அவர் தலையாட்டுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"யோவ் அரங்கநாதா, இன்னா படம் கொண்டாந்துக்கிற?"

சொன்னேன். எல்லையோர ஊர், ஒற்றை ஆள், திருட்டுப்போன மாடுகளை மீட்கிறான், கடைசியில் ஜெயிக்கிறான். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இது என் கதை மாதிரியே கீதுய்யா. நாளைக்குப் போலீசு மேலதிகாரி கொம்மிசேர் துரை வராரு. ஜூலை பதினாலு பிரெஞ்சுத் திருநாளுக்கு எனக்கு மெடல் குடுக்கறதா பேச்சு. நீ இன்னா பண்ற, அந்த ஷெரீப்பு பேரைச் சொல்லாத. என் பேரைச் சொல்லு."

எனக்கும் அந்த ஷெரீப்பின் பேர் வாயில் நுழையாது. சரி என்றேன். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஏம்பலத்தில் இதே ஆளை நான் அரிச்சந்திரன் வம்சம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

வெளியே வந்தபோது ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தாள். செலியமேட்டுப் பவுனம்மாள். அவள் புருஷன் பக்கிரியைப் பற்றி நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன், கடலூர் ஜெயிலில் கிடக்கிற மாட்டுத் திருடன் என்று. அவள் வேறு மாதிரி சொன்னாள்.

கார்த்திகையில் செலியமேட்டில் எட்டு உழவு மாடுகள் களவு போயின. பக்கிரிதான் குளம்படி பார்த்துக்கொண்டே பெண்ணையாறு வரைக்கும் போனான். தணிகைவேல் பின்னாலேயே போனார். ஆற்றுக்கு நடுவில் பிரெஞ்சு ராஜ்ஜியம் முடிகிறது. அதற்கப்புறம் இங்கிலீஷ்காரன் ராஜ்ஜியம். சிப்பாய் உடுப்போடும் துப்பாக்கியோடும் அங்கே கால் வைக்கக் கூடாது. முந்தின வருஷம் ஒரு சிப்பாய் நாலடி தாண்டி நின்றதற்கு உடுப்பைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் தணிகைவேல் கரையில் நின்றுகொண்டு, "நீ போய் ஓட்டிக்கினு வா பக்கிரி, நான் கீறேன்" என்றார்.

பக்கிரி போனான். ஏழு மாடுகளை இந்தக் கரைக்கு ஓட்டிவிட்டான். எட்டாவது அவனுடைய சொந்த மாடு, கால் நொண்டிப் பின்தங்கிவிட்டது. அதை ஓட்டிவரத் திரும்பிப் போனவனை, ராத்திரியெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்திருந்த அந்தப் பக்கத்துப் போலீஸ் சுறுசுறுப்பாகப் பிடித்துக்கொண்டது. மாடும் கையுமாக அகப்பட்டவன் திருடன்தானே. ஒன்றரை வருஷம் போட்டார்கள். இந்தக் கரையில் தணிகைவேல் தம்மை நோக்கி வந்த ஏழு மாடுகளையும் தாம் தன்னந்தனியாக மீட்டதாக ரிப்போர்ட் எழுதினார்.

"நான்தான் அனுப்பினேன்னு சிப்பாயி ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்ண்ணே, விட்டுடுவாங்களாம். நாலு மாசமா நடக்கறேன். ரிப்போர்ட்டு பொய்யாப் பூடும்னு எழுத மாட்டேன்றாரு. வூட்ல ஒத்த மாடு நிக்குது. ஒத்த மாட்டை வெச்சிக்கினு எப்டி ஏர் பூட்டறது?"

"நான் படத்துக்குக் கதை சொல்றவம்மா. என்னாண்ட வந்து இன்னா பிரயோசனம்?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். நல்ல பதில் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

மறுநாள் விளக்கு வைத்ததும் கொட்டகை நிறைந்துவிட்டது. முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கொம்மிசேர் துரை உட்கார்ந்தார். நான் சொல்வதையெல்லாம் காதோடு காதாகப் பிரெஞ்சில் சொல்ல அவர் பக்கத்தில் துபாஷி ஏகநாதன். இன்னொரு பக்கத்தில் தணிகைவேல், மெடல் குத்தப்போகிற இடத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படம் ஓடியது. "பாருங்கள், இதோ வருகிறார் நமது சிப்பாய் தணிகைவேல்!" என்று பிரம்பால் காட்டினேன். ஆறடி உயரமும் வெள்ளைத் தோலுமாகத் தணிகைவேல் குதிரையிலிருந்து இறங்கினார். ஆண்கள் பக்கத்தில் ஒரே கைதட்டல். நிஜத் தணிகைவேல் குதிரையைக் கண்டால் நாலு முழம் தள்ளி நடப்பவர் என்பதை யாரும் கிளப்பவில்லை.

ஷெரீப் துப்பாக்கியை உருவியதுதான் தாமதம், துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அடியே, பீச்சாங்கைலடி சுடறான்!"

"நம்ம பக்கிரிதாண்டி பீச்சாங்கைக்காரன்! கருக்கருவாள கூட அந்தக் கைலதான புடிப்பான்!"

முன்னால் இருப்பவர்களுக்கு அவன் சோற்றுக் கையால்தான் சுட்டான். பின்னாலிருந்தவர்களுக்கு அது இடது கை. அவ்வளவுதான், பெண்கள் பக்கம் முழுவதும் தீர்ப்பு எழுதிவிட்டது. நான் "தணிகைவேல்" என்னும்போதெல்லாம் பின்னாலிருந்து "பக்கிரி!" என்று சத்தம் வந்தது. கரிய மீசையோடு மாட்டுத் திருடர்களின் தலைவன் வந்தபோது, "தோ வந்துட்டாரு நம்ம சிப்பாயி" என்று காசம்மாள் கிழவி சொல்ல, சிரிப்புச் சத்தத்தில் துணியே ஆடியது.

துரை ஏகநாதனைப் பார்த்து ஏதோ கேட்டார். தணிகைவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்று கத்தினார்.

"யோவ், அரங்கநாதா! ஒரே பேச்சா சொல்லுய்யா. அது யாரு? நான்தான? துரையாண்ட சொல்லுங்க ஏகநாதன், அதுல வரது நான்தான்! அவன் பண்றதெல்லாம் நான் பண்ணது!"

ஏகநாதன் சொன்னார். துரை தலையசைத்தார். "ஆமாம், சிப்பாய் தணிகைவேலேதான்" என்று நானும் சொன்னேன்.

அப்போது பின்னாலிருந்து பவுனம்மாள் பேசினாள். அவள் கத்தவில்லை. "எங்க வூட்டுக்காரரு பேரை ஒரே ஒரு தபா சொல்லுங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, துணிதான் தெரிந்தது. நேற்று அவளுக்கு நான் சொன்ன பதில் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஐந்தாம் சுருள் மாட்டுவதற்காக நிறுத்தி மறுபடி ஓட்டினார்கள். அந்தச் சுருளில்தான் ஆறு வருகிறது. திருடர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விடுவார்கள், ஷெரீப் குதிரையோடு ஆற்றில் இறங்குவான். தணிகைவேல் இதை முன்னால் பார்த்ததில்லை. அது ஆறே இல்லை, ஏரி என்று நான் சொல்லியிருக்கலாம். ஏம்பலத்தில் அப்படித்தான் சொன்னேன்.

பிரம்பை ஆற்றின் நடுவில் வைத்தேன்.

"மகாஜனங்களே, இதுதான் நம் பெண்ணையாறு. இந்தப் பக்கம் நம் பிரெஞ்சு ராஜ்ஜியம். அந்தப் பக்கம் இங்கிலீஷ் ராஜ்ஜியம். இதோ, சர்க்கார் உடுப்போடு, சர்க்கார் துப்பாக்கியோடு, யாருடைய உத்தரவும் இல்லாமல், நமது சிப்பாய் தணிகைவேல் எல்லையைத் தாண்டுகிறார்! நாலடி இல்லை, நானூறு அடி தாண்டுகிறார்! அக்கரையில் ஏறிவிட்டார்! சுடுகிறார்! இங்கிலீஷ்காரன் மண்ணில் ஒன்று, இரண்டு, மூன்று பேரைச் சுட்டுவிட்டார்!"

ஏகநாதன் சொல்லச் சொல்லத் துரை நாற்காலியில் நிமிர்ந்தார். தணிகைவேல் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதை ஏகநாதன் தமிழில் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

"இல்ல துரை! நான் தாண்டல! கால்ல தண்ணிகூடப் படல! கரைலதான் நின்னுக்கினு இருந்தேன்! சாமி சத்தியமா நான் அனுப்பித்தான் பக்கிரி போனான்! அவன்தான் எல்லா மாட்டையும் ஓட்டியாந்தான்! நான் ஒரு அடிகூட எடுத்து வெக்கல துரை!"

இவ்வளவையும் அவர் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, பெண்கள் பக்கத்துக்கும் எட்டும்படி, ஏகநாதன் பிரெஞ்சில் சொல்வதற்கு வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். என் ஆயுசில் நான் இவ்வளவு நன்றாகக் கதை சொன்னதில்லை. துரை குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். தணிகைவேல் அங்கேயே, படத்தின் வெளிச்சத்திலேயே அதில் கையெழுத்துப் போட்டார்.

மெடல் போயிற்று என்று நினைக்கிறீர்களா? உங்களுக்குச் சர்க்காரைத் தெரியவில்லை. ஜூலை பதினாலாம் தேதி ஊரே பார்க்க அவருக்கு மெடல் குத்தினார்கள். எல்லைக்கு எதிரே நின்றும், துப்பாக்கி கையில் இருந்தும், ஓர் அடிகூடத் தாண்டாமல் நின்ற அவருடைய கட்டுப்பாட்டை மெச்சியாம். ஏகநாதன் அதைத் தமிழில் வாசித்தபோது சிரிக்காமலிருக்க ரொம்பப் பாடுபட்டார்.

அந்தக் கையெழுத்துக் கடலூருக்குப் போய், மேஜை மேஜையாக உட்கார்ந்து எழுந்து, ஆவணியில் பக்கிரி வெளியே வந்தான். எட்டாவது மாடு வரவில்லை.

அடுத்த தையில் மறுபடி பாகூர் போனோம், அதே படத்தோடுதான். வேறு படம் வாடகைக்கு எடுக்கத் தங்கவேல் முதலாளிக்கு மனசு வரவில்லை. கொட்டகை வாசலில் தணிகைவேல் மெடலோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. பக்கிரி வந்து முன்வரிசைத் தரையில் உட்கார்ந்தான். ஆள் பாதியாகியிருந்தான். முதல் சுருள் முடிவதற்குள் என்னிடம் கேட்டான்.

"இன்னாண்ணே, இவன் சோத்துக் கைல சுடறான்? நான்னு சொன்னாங்களே?"

"இந்தப் பக்கம் வா, இங்கேர்ந்து பாரு" என்று பின்னாலிருந்து பவுனம்மாள் கூப்பிட்டாள். அவன் எழுந்து துணியைச் சுற்றிப் போனான். பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தது கேட்டது. அன்றைக்கு ஐந்து சுருளிலும் நான் ஒரே ஒரு பேரைத்தான் சொன்னேன்.

கடைசியில் ஷெரீப் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து திரும்பினான். படத்தில் நாற்பது மாடாவது இருக்கும். எனக்குத் தாராளமாக ஒரு பொய் சொல்லத் தோன்றியது. "எட்டு மாடுகளும் பத்திரமாகக் கரை ஏறின!" என்று முழங்கினேன்.

துணிக்கு அந்தப் பக்கம் யாரும் கைதட்டவில்லை. பவுனம்மாளின் குரல்தான் வந்தது.

"ஏழுதாண்ணே."

"ஏழு" என்று நான் திருத்திச் சொன்னேன்.