மோகனப்ரியாவின் பேட்ஜ்

எனக்கு வாய் நீளம். மைசூரில் எங்கள் ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும், "சில்வியா மேடமா? ஐயோ!" என்பார்கள். எக்ஸ்ரே கதிர் படும் அறைகளில் வேலை செய்கிறவர்கள் ஒரு சின்ன பேட்ஜ் அணிய வேண்டும். உடம்பில் ஏறிய கதிரின் அளவை அது சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றைச் சேகரித்து லேபுக்கு அனுப்புவது என் வேலை.

போன வருஷம் இரண்டு பேட்ஜ்கள் யூனிஃபார்மோடு சலவைக்குப் போய்விட்டன. எனக்கு வந்ததே கோபம்! "இனிமே எவளும் யூனிஃபார்ம்ல குத்தக்கூடாது. கதிரைத் தடுக்கிற ஈய ஏப்ரன்லயே உள்பக்கமா குத்துங்க. ஏப்ரனை மடிச்சுப் போட்டா ஈயம் விரிசல் விட்டுடும், கொக்கில மாட்டுங்க!" என்று கத்தினேன். இதய அடைப்பு நீக்கும் அறைக்குள் கொக்கி அடிக்கச் சொன்னதும் நான்தான்.

இந்த முறை லேபிலிருந்து வந்த தாளில் நர்ஸ் மோகனப்ரியாவின் எண் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலில் வருகிறவள், காலை ஷிஃப்ட் மட்டும் பார்க்கிறவள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் இரண்டு மாதம்.

உடனே அவளை வார்டுக்கு மாற்றினேன். அவள் என் மேஜை முன்னால் நின்று அழுதாள்.

"குழந்தை ஊனமா பொறந்துருமாங்க்கா? கலைச்சிரலாம்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. சனிக்கிழமை டாக்டர்கிட்ட போறோமுங்க."

"இந்த அளவுக்கெல்லாம் யாரும் கலைக்க மாட்டாங்கடி, பைத்தியமே!" என்றேன். பயந்த காதில் அது ஏறவில்லை.

அன்று மத்தியானம், அவள் வேலை பார்த்த இதய அடைப்பு நீக்கும் அறைக்குள் போனேன். எக்ஸ்ரே ஓட ஒருவருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. கொக்கியில் மோகனாவின் ஏப்ரன், உள்பக்கம் சிகிச்சை மேஜையைப் பார்த்தபடி தொங்கியது. அதில் அவளுடைய புது பேட்ஜ். மற்ற ஏப்ரன்களைப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றிலும் பேட்ஜ் இல்லை. என் பேச்சை ஒருத்தரும் மதிக்கவில்லை. கேட்டு நடந்தது இவள் ஒருத்திதான்.

இவள் வீட்டுக்குப் போன பிறகு, சாயங்காலம் வரை பேட்ஜ் மட்டும் இங்கே நின்று கதிர் வாங்கியிருக்கிறது.

ஆனால் நினைத்தால் போதாது, அளந்தாக வேண்டும். மறுநாள் வியாழக்கிழமை, உடனுக்குடன் எண் காட்டும் இரண்டு கருவிகளை எடுத்தேன். மோகனாவின் இடத்தில் காலையில் நின்ற நர்ஸ் சக்தியின் சட்டையில், ஏப்ரனுக்கு அடியில் ஒன்று. மத்தியானம் முதல் கொக்கியில் ஒன்று. சாயங்காலம் பார்த்தபோது சக்தியுடையது ஒன்று என்றால் கொக்கியுடையது நாற்பது.

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். வார்டில் இப்போது சாயங்காலம் வரை வேலை என்பதால், மோகனா டிபன் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"உன் உடம்புல ஏறினது இத்தனூண்டுதான்டி. மிச்சமெல்லாம் நீ போனப்புறம் கொக்கில தொங்கின பேட்ஜுக்கு ஏறினது. தப்பு என்னோடது. லேபுக்கும் அப்படித்தான் எழுதப்போறேன்" என்றேன். மூச்சு வாங்கியது.

"அப்ப குழந்தைக்கு?"

"ஒண்ணும் ஆகாது. உன் வீட்டுக்காரருக்குப் போன் போடு, நானே சொல்றேன்."

போனில் அவரிடம் இரண்டு தடவை சொன்னேன். மோகனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதானுங்க்கா அங்க குத்துனேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அவள்.