இடக்கைத் துவக்கு

போன வருசம் முழுக்க நான் பறக்கிற ஒரு காட்டுத் தாராவைக்கூட விழுத்தவில்லை. ஸ்கூகொக் ஏரியின் நாணலுக்குள் விறைத்துப்போய் இருந்து, என் மனுசன் ஜூலியனின் பழைய பம்ப் துவக்கால் வானத்தைச் சுட்டதுதான் மிச்சம். "அன்ரனெற் இருக்கிறது எங்களுக்கு நல்லது, தாராவெல்லாம் பயமில்லாமல் கிட்ட வருகுது" என்று கிளிபோட் அண்ணை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஜூலியனும் சேர்ந்து சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

கிளிபோட் அண்ணை ஜூலியனின் சின்ன வயதுக் கூட்டாளி. இரண்டு பேருக்கும் ஊர் மன்னார், எனக்கும்தான். இங்கே, புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், அவர் வெக்ஸ்போர்ட் பக்கம், நாங்கள் மல்வேர்ன் பக்கம். வள்ளம் அவருடையது, அதனால் வள்ளத்துக்குள் அவர் சொல்வதுதான் சட்டம். ஓகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து கார் பார்க்கில் நிற்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்ரனெற், குறை நினைக்காதையும். வள்ளத்தில மூண்டு பேருக்குத்தான் இடம். விநாயகமூர்த்தி போன வருசத்தில இருந்து கேட்டு அரிச்சுக்கொண்டு நிக்கிறான். இந்த முறை சீசன் தொடங்கிற அண்டைக்கு நீர் ஒண்டாவது விழுத்தினால் சரி. இல்லாட்டி அவனை ஏத்துறதுதான் ஞாயம்."

"சரி அண்ணை" என்றேன். காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்திய சத்தத்தில் ஜூலியன் என்னவென்று கேட்கத் துணியவில்லை.

எனக்கு அந்த இடம் வேண்டும். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். காலையிலும் பின்னேரமும் முதுகுக்குப் பின்னால் ஒரு சந்தை இரைந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தால் போன், கறி, உடுப்பு. ஏரியில் வெளிச்சம் வரமுதல் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும்தான் என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. முதலில் தேத்தண்ணிப் போத்தலோடு துணைக்குப் போனவள்தான். பிறகு எனக்கே ஆசை வந்து துவக்கு லைசன்சுக்கும் வேட்டை லைசன்சுக்கும் படித்தேன், இரண்டும் முதல் தடவையே பாஸ். ஜூலியனுக்கு இரண்டாம் தடவைதான் கிடைத்தது, அதை அவர் வெளியில் சொல்வதில்லை.

பிழை துவக்கில்தான் என்று முடிவு கட்டினேன். பம்ப் துவக்கில் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு கீழ்க்கட்டையை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். நான் இழுத்துத் தள்ளி முடிக்கத் தாரா பீற்றர்பரோ போய்ச் சேர்ந்துவிடும். செமி ஓட்டோமற்றிக் என்றால் விசையை அழுத்தினால் போதும், அடுத்தது தானாக ஏறும். சட்டப்படி மூன்று தோட்டாதான் போடலாம், எனக்கு அது தாராளம். இரவுச் சாப்பாடு முடிய நாள்தோறும் வீடியோ பார்த்தேன். வெடித்த வாயுவால் இயங்கும் வகை தோளில் மெதுவாக இடிக்கும், ஆனால் அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டும். மற்ற வகை பாரம் குறைவு, அழுக்கும் பிடிக்காது, ஆனால் எங்கள் மன்னார்க் கழுதை மாதிரி உதைக்கும். தோட்டாவில் ஈயம் கூடாது, உருக்குச் சன்னம்தான். எல்லாம் படித்தேன். படிக்காமல் விட்டது என்னைத்தான்.

கடைக்கு மூன்று பேராகப் போனோம். கிளிபோட் அண்ணையை நான் கூப்பிடவில்லை, அவராக வந்தார். விற்கிற இடத்தில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் நின்றார். "வலது கைப் பழக்கம்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஓம்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம், பூசையில் ஆமென் சொல்வதுபோல.

நான் வாய் திறக்கமுதல் கிளிபோட் அண்ணை ஒன்றைத் தெரிவுசெய்துவிட்டார். இருக்கிறதிலேயே பெரிய, அகலக் குழாய் ருவெல்வ் கேஜ். "உது பெரிய காட்டு வாத்துக்கும் உதவும், தாராவுக்கும் உதவும். ஜூலியனும் பாவிக்கலாம். அவசரத்துக்கு நானும் எடுக்கலாம்" என்றார். எங்கள் ஆட்கள் எதை வாங்கினாலும் அது எல்லாருக்கும் அளவாக இருக்கவேண்டும். பிள்ளைக்கு ஜக்கெற் வாங்கினால் பிறகு அது தம்பிக்கும் உதவவேண்டும், தம்பி பிறக்காவிட்டாலும் பரவாயில்லை.

சுவரில் பாடம்பண்ணி வைத்திருந்த ஒரு வாத்தை நோக்கித் தூக்கினேன். தோளில் வைக்கிற கட்டை எனக்கு நீளம். இடக்கண்ணை இறுக்கி மூடினேன். மூடிய கண் மூடிக்கொண்டு நிற்காமல் துடித்தது, கன்னம் நடுங்கியது, கண்ணீர் வழிந்தது. குழாய் நுனியில் குறிபார்க்க இருந்த சின்ன மணி வாத்தை விட்டு விலகி விலகிப் போனது.

"உது பழகினால் வரும்" என்றார் கிளிபோட் அண்ணை. ஜூலியன் காசு கட்டக் கார்ட்டை எடுத்துவிட்டார்.

"வைக்கச் சொல்லுங்கோ. எனக்கு உது வேண்டாம்."

"ஏனப்பா?"

"தெரியாது. வேண்டாம் எண்டால் வேண்டாம்."

அவர்கள் இரண்டு பேருக்கும் வெட்கம். எனக்கும் காரணம் தெரியவில்லை என்பதுதான் பெரிய எரிச்சல். ஆனால் அது என்னுடைய துவக்கு இல்லை என்று உடம்பு சொன்னது, கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வாசல் மணி அடித்தது. ஏதோ பார்சல். கதவில் இருக்கும் சின்ன ஓட்டையால் எட்டிப் பார்த்தேன். பார்த்தபடியே நின்றுவிட்டேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது இடக்கண்ணால். யோசித்துப் பார்த்தேன், இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அந்த ஓட்டைக்கு நான் வலக்கண்ணை வைத்ததே இல்லை. வைத்துப் பார்த்தேன், மூக்கு இடித்தது, ஒன்றும் ஒழுங்காகத் தெரியவில்லை. பார்சல்காரன் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நான் இடக்கைக்காரியாகப் பிறந்தவள். அதை ஒரு நோயைக் குணப்படுத்துவதுபோல மாற்றிவிட்டார்கள். அம்மா சாப்பாட்டு நேரத்தில் இடக்கையைத் துணியால் கதிரையோடு கட்டிவிடுவா. பள்ளிக்கூடத்தில் சிஸ்ரர் அடிமட்டத்தின் விளிம்பால் அடிப்பா. இடக்கையால் ஒருவருக்கு எதையும் நீட்டக்கூடாது, திருநீற்றுக்காரரும் சரி சிலுவைக்காரரும் சரி, இதில் மட்டும் எங்களுக்குள் சண்டையே இல்லை. மாறிவிட்டேன். எழுதுவதும் உண்பதும் சோத்துக்கையால்தான். கடையில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் கையைக் கட்டியவர்கள் கண்ணைக் கட்ட மறந்துபோனார்கள்.

அலுமாரியைத் திறந்து பம்ப் துவக்கை எடுத்தேன். தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்தேன். இடது தோளில் வைத்து, சுவர் மணிக்கூட்டை நோக்கித் தூக்கினேன். கட்டை கன்னத்தில் வந்து ஒட்டியது. குழாய் நுனி மணி நேரே போய் மணிக்கூட்டின் நடுவில் நின்றது. அசையவில்லை.

குளித்துவிட்டு வந்த ஜூலியன் துவாயோடு வாசலில் நின்றார். "என்னப்பா, துவக்கைப் பிழையாய்ப் பிடிக்கிறீர்?"

"இவ்வளவு காலமும்தான் பிழையாய்ப் பிடிச்சனான்" என்றேன்.

இடக்கைக்காரருக்கென்று செய்த துவக்கு உண்டு. வெடித்த தோட்டாவின் கோது இடப்பக்கத்தால் வெளியே பாயும், பாதுகாப்புப் பூட்டும் அந்தக் கைக்கு ஏற்றதாக இருக்கும். அதுதான் வேண்டும் என்றேன். ஜூலியன் தலையைச் சொறிந்தார். "சீசனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கு. இப்ப கையை மாத்தினால் இருக்கிற பழக்கமும் கெட்டுப்போகும்."

"இருக்கிற பழக்கம் என்ன? பூச்சியம். அதைக் கெடுக்க ஏலாது."

அவர் உடனே கிளிபோட் அண்ணைக்குச் சொல்லிவிட்டார். போன் வந்தது. "இடக்கைத் துவக்கோ? உமக்கென்ன விசரே? அதை வேறை ஆர் தொடுறது? திருப்பி விக்கவும் ஏலாது!"

"வேறை ஒருத்தரும் தொடக்கூடாது எண்டுதான் அண்ணை வாங்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்த முறை கடைக்குத் தனியாகப் போனேன். ருவென்ரி கேஜ், அதாவது ருவெல்வை விடச் சின்னது, பாரம் குறைந்தது. வாயுவால் இயங்குவது. இடக்கைக்குச் செய்தது. கட்டையில் இருந்த இடைத்தகட்டைக் கழற்றி என் கைக்கு அளவாகக் குறைக்கச் சொன்னேன். பெரிய துவக்குத்தான் தூரம் பாயும் என்று அங்கே நின்ற ஒருவர் என்னைக் கேட்காமலே புத்தி சொன்னார். நான் தூரத்துத் தாராவைச் சுடப்போவதில்லை, கிட்ட வருகிற தாராவைத்தான் சுடப்போகிறேன் என்றேன். கடையில் அந்த அளவில் இல்லை, ஓடர் கொடுத்தார்கள். செப்ரெம்பர் பிறந்து ஒரு கிழமை போகத்தான் கைக்கு வந்தது.

வந்த நாளில் இருந்து பேய் மாதிரிப் பழகினேன். காலையில் பஸ் எடுக்கப் போகமுதல், வெறும் துவக்கைத் தோளில் வைத்து வைத்து எடுத்தேன். சனி ஞாயிறு நகரத்துக்கு வடக்கே போய், பறக்கவிடும் மண் தட்டைச் சுட்டேன். முதல் நாள் கை இரண்டும் ஒன்றுக்கொன்று சண்டை பிடித்தன. தோட்டா போடப் பழைய கை முந்தியது, பூட்டைத் திறக்கப் புதிய கை மறந்தது. கன்னம் கன்றிப்போய் பஸ்ஸில் பிள்ளைகள் என்னவென்று கேட்டார்கள். ஒரு தட்டு உடைந்தது. பிறகு இன்னொன்று. அது போதும், விடமாட்டேன் என்று எனக்குள் எழும்பிவிட்டது.

சீசன் தொடங்கிய அன்று வள்ளம் இறக்கும் இடத்தில் விநாயகமூர்த்தி நின்றார். நெஞ்சுவரை வரும் புது றப்பர் களிசான், கடை மணம் போகாதது. "சும்மா பாக்க வந்தனான்" என்றார்.

கிளிபோட் அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "காலமைத் தேத்தண்ணி வரைக்கும் பாப்பம். ஒண்டும் விழாட்டி ஆளை மாத்துவம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் களிசானோடு ஆளைத் தண்ணிக்குள் தள்ளியிருப்பேன். துவக்கைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன்.

நாணலுக்குள் வள்ளத்தைச் செருகி, முன்னால் பொம்மைத் தாராக்களை மிதக்கவிட்டோம். இடது நுனியில் கிளிபோட் அண்ணை. காற்று அந்தப் பக்கத்தால்தான் தாராக்களைக் கொண்டுவரும், நல்ல இடம் எப்போதும் அவருக்கு. நடுவில் நான். வலது நுனியில் ஜூலியன். வெளிச்சம் வந்தது. இரண்டு தாரா வந்தன. எழும்பிச் சுட்டேன், தவறிவிட்டது. என் துவக்கில் இருந்து பாய்ந்த சூட்டுக் கோது கிளிபோட் அண்ணையின் காதில் பட்டது.

"அம்மோய்! என்ன இது?"

"இடக்கைத் துவக்கு அண்ணை. இடப்பக்கத்தால்தான் வரும்."

அவர் காதைத் தடவிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். தவறவிட்டது தவறவிட்டதுதான். கரையில் அந்தக் களிசான் அங்கும் இங்கும் நடப்பது தெரிந்தது. ஜூலியன் தேத்தண்ணிப் போத்தலைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

அப்போது நாலு தாரா தாழ்ந்து வந்தன, முன்னால் ஒரு பச்சைத்தலை. நான் எழும்பினேன். முதல் வெடி அதற்குப் பின்னால் போய்விட்டது. பம்ப் என்றால் அதோடு முடிந்திருக்கும். விரல் திரும்பவும் அழுத்தியது. பச்சைத்தலை சிறகை மடித்துக்கொண்டு பொம்மைகளுக்கு நடுவே தொப்பென்று விழுந்தது. என்னைத் தவிர ஒருவரும் சுடவில்லை. ஜூலியன் வாயைத் திறந்தபடி இருந்தார். கிளிபோட் அண்ணை கழுத்துக்குள் விழுந்த கோதை எடுக்க ஜக்கெற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சந்தோசம் வந்தது. அதற்கு முதல் கோபம் வந்தது. பார்க்கத் தெரிந்த கண்ணை இறுக்கி மூடி, தெரியாத கண்ணால் குறிவைத்துவிட்டு, எனக்கு வராது என்று நானே நம்பியிருக்கிறேன். யாரோடு சண்டை பிடிப்பது? அம்மாவும் இல்லை, சிஸ்ரரும் இல்லை. அழுதேன். மறைக்கவில்லை.

ஜூலியன் வள்ளத்தை ஓட்டிப்போய்த் தாராவை எடுத்துத் தந்தார். அது கையில் இன்னும் சூடாக இருந்தது. திரும்ப நாணலுக்குள் வந்ததும் துவக்கைத் திறந்து தோட்டாக்களை எடுத்தேன். "அண்ணை, இடத்தை மாத்துவம். இடது நுனி எனக்கு வேணும்."

"அது என்ர இடமெல்லோ?"

"கோது நாணலுக்குள்ள விழும், பிறகு பொறுக்கலாம். உங்களுக்கு விருப்பம் எண்டால் உதிலயே இருங்கோ. ஜக்கெற்றைக் கழுத்துவரை பூட்டுங்கோ."

ஜூலியன் சிரித்தார். இந்த முறை என்னைப் பார்த்து இல்லை.

கிளிபோட் அண்ணை ஏரியைப் பார்த்தார், என் மடியில் கிடந்த தாராவைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "விநாயகமூர்த்தி, நீ வீட்டை வெளிக்கிடு. ஓம். வள்ளத்துக்கு இருக்கிற ஆள் காணும், இனி இடமில்லை." தன் குஷனைத் தூக்கிக்கொண்டு, வள்ளம் ஆடாமல் மெல்ல நடுவுக்கு நகர்ந்தார். நான் நுனிக்குப் போனேன்.

காற்றுப் பக்கம் ஒரு கூட்டம் வளைந்து இறங்கியது. கிளிபோட் அண்ணையின் கை துவக்குக்குப் போனது, பாதியில் நின்றது.

"அன்ரனெற்" என்றார் மெதுவாக, "உம்மட பக்கம் வருகுது."

தான் சுடாமல் எனக்காகக் காத்திருந்தார்.