நகராத வீடு

சவுந்தரம் தன் வீட்டில் ஒரு சாமானையும் நகர்த்த விடமாட்டாள். மகள் ரூத்துக்கு நாலு வயதில் அம்மை போட்டுக் கண் இரண்டும் போன நாளிலிருந்து கட்டிலும் அம்மியும் அந்தந்த இடத்திலேயே கிடந்தன. பிள்ளை எதிலும் முட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

போன வருஷம் அப்பன் தாவீதுராஜ் அவளைப் பாளையங்கோட்டையில் பார்வையில்லாப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பிள்ளை போன பிறகும் சவுந்தரத்தின் சட்டம் மாறவில்லை. எம்.ரெட்டியபட்டியில் வீட்டுக்கு வீடு பருத்தி கூரை முட்டக் குவிந்திருக்க, இவள் மட்டும், "பிள்ள நடக்குற தடம் இது, தொழுவத்துல போடுங்க" என்று விரட்டிவிட்டாள். கோடைமழையில் பாதிப் பருத்தி நனைந்து கறுத்தது. பாவம் அந்த மனுஷன், மிச்சத்தை அள்ளிக் காய வைத்தார்.

லீவுக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற கரிப் பஸ்ஸில் வந்து இறங்கிய ரூத்தின் முழங்காலில் தழும்பைப் பார்த்ததும் சவுந்தரம் அவள் பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்தாள்.

"இனி எம்பிள்ளைய அனுப்ப மாட்டேன்."

"அங்க பெஞ்சு, கட்டிலெல்லாம் அடிக்கடி மாத்திப் போடுவாகம்மா. நாங்களே தடவி வழி கண்டுபிடிக்கணும். எனக்கு அது பிடிச்சிருக்கு. நான் போகணும்."

"அப்படியா சங்கதி? வீட்ட மாத்திப் போடுறேன். எங்கயும் முட்டாம தண்ணி மோந்துட்டு வா. அனுப்புறேன்."

கோபத்தில் சொல்லிவிட்டாளே தவிர, கை வரவில்லை. தாவீதுராஜ்தான் கட்டிலைக் குறுக்கே இழுத்துப் போட்டார். மிச்சப் பருத்தியை நடுவீட்டில் கொட்டினார். பானையை வேறு மூலைக்கு மாற்றினார்.

ரூத் கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். பருத்திக் குவியலைச் சுற்றிப் போனாள். கட்டில் கால் முழங்காலில் நங்கென்று இடித்தது.

"முட்டிட்டா! பாத்தீகளா?" என்று சவுந்தரம் ஓடப் பார்த்தாள். தாவீதுராஜ் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ரூத் நிற்கவில்லை. முழங்காலைத் தேய்த்துவிட்டு, சுவரைத் தடவிப் பானையைக் கண்டாள். செம்பில் மோந்து, அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தத்தை வைத்து நேரே அவள் முன்னால் வந்து நின்றாள்.

"முட்டிட்டேம்மா" என்றாள், உதடு பிதுங்க. "நீ தண்ணி குடி."

சவுந்தரம் மளமளவென்று குடித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்து, "பள்ளிக்கூடம் என்னைக்குத் தொறக்குறாக?" என்று கேட்டாள்.