நூற்று நாற்பத்தேழாவது கோப்பு

வரலாறு படிக்கிற பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று எதிர்வீட்டு வங்கி மேலாளர் கேட்கும்போதெல்லாம் ஸ்கேல் தன் கையிலுள்ள பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். ஸ்கேல் என்பது பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் சக ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர். முதுகும் அப்படி, அவர் போடும் கோடும் அப்படி. முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் எழுதிய பதிவேடுகளில் ஓர் அடித்தல், ஒரு திருத்தல் காட்ட முடியாது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அந்தப் பெயரை ஒரு பட்டம் போல வைத்துக்கொண்டிருந்தார்.

பதில் சொல்வது மகளின் வேலை. அவருக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண் அவள். வாய்க்குப் பூட்டுப் போட்டு வளர்க்காத பெண்.

"ஒண்ணு டீச்சர் ஆகணும். இல்லன்னா வீட்டுல உக்காந்து பரீட்சை எழுதிட்டே இருக்கணும். வேற என்ன இருக்கு?" என்றார் மேலாளர்.

"மியூசியம் இருக்கு அங்கிள். ஆவணக் காப்பகம் இருக்கு. நிலத் தகராறுன்னா பழைய காகிதம் தேடித் தர வக்கீலுங்க ஆள் வச்சிருக்காங்க. சினிமாக்காரங்க அந்தக் காலத்துச் சட்டையில எத்தன பட்டன்னு கேட்டு வராங்க. உங்க பேங்க்லதான் ஆளக் குறைக்கறாங்களாமே?"

மேலாளர் சிரித்துக்கொண்டே கேட்டைச் சாத்திக்கொண்டு போனார். ஸ்கேல் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார்.

கடைசிப் பருவத் தேர்வு முடிந்த கையோடு நகர ஆவணக் காப்பகத்தில் அவளுக்குப் பயிற்சி கிடைத்தது. முடிவில் தரப்போகும் ஒரே வேலைக்கு மூன்று பேர் போட்டி. ஆளுக்குச் சில பெட்டிகள் கொடுப்பார்கள். பிரிக்காத, தூசி தட்டாத பெட்டிகள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் படித்து, எண் போட்டு, அதில் என்ன இருக்கிறது என்று ஒரே வரியில் எழுதிப் பட்டியல் தர வேண்டும். முடிந்ததும் அதிகாரி உட்கார்ந்து எண்ணுவார். ஒரு கோப்பு குறைந்தாலும் ஆள் வீட்டுக்கு.

"இது எங்க ஆபீஸ் வேலை மாதிரி இருக்கே," என்றார் ஸ்கேல். மனசுக்குள் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மகளின் கையெழுத்தும் அவருடையதைப் போலவே நிமிர்ந்து நிற்கும்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, அவள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவரும் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கை கழுவவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன் போய் நின்றாள். அதில் இருப்பது ஸ்கேலின் அக்கா. காய்ச்சலில் போனவள். மனைவிக்கும் மகளுக்கும் அவர் சொன்னது அவ்வளவுதான்.

"அப்பா, அத்தை எப்ப தவறினாங்க?"

தலை நிமிராமல் நாள், மாதம், வருடம் மூன்றையும் சொன்னார். "நாப்பது வருஷம் ஆச்சு. ஏன்?"

"சர்டிஃபிகேட் இருக்கா?"

மனைவி சிரித்துவிட்டாள். "யார்கிட்ட வந்து என்ன கேக்கறடி? மீன்கிட்ட நீச்சல் தெரியுமான்னு கேப்ப போல."

"அம்மா, சும்மா இரு. அப்பா, எனக்குக் குடுத்தது மூடிப்போன மனநல ஆஸ்பத்திரியோட பெட்டி. நூத்தி நாப்பத்தேழாவது கோப்புல இந்த முகம் இருக்கு. அப்பா பேருன்னு தாத்தா பேரு. பழைய வீட்டு விலாசம். இருபத்திநாலு வருஷம் அங்க இருந்திருக்காங்க. எனக்கு அஞ்சு வயசு ஆகறவரைக்கும் உயிரோட இருந்திருக்காங்க."

"பேரு ஒத்துப்போகும். முகமும் ஒத்துப்போகும். எழுதினவன் மாத்தி எழுதியிருப்பான்."

"ஒருத்தர் எழுதலப்பா. ஒவ்வொரு கையெழுத்தா மாறிட்டே வருது. எல்லாரும் ஒரே விஷயத்ததான் எழுதியிருக்காங்க." அவள் மனப்பாடமாக ஒப்பித்தாள். "'வாசல் பெஞ்சை விட்டு எழ மறுக்கிறார். தம்பி டோக்கன் வாங்கப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்கிறார்.' பதினேழு வருஷம் அப்பா. அதுக்கப்புறம் பேசறதையே விட்டுட்டாங்க."

மனைவியின் கை தட்டிலேயே நின்றது. மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். டோக்கன் வாங்குகிற எந்த இடத்துக்கும் அவர் போனதில்லை. வங்கிக்கு அவள்தான் போவாள். மகளைப் பெற்ற ஆஸ்பத்திரியில்கூட வரிசையில் நின்றது அவளுடைய அண்ணன். அப்பாவுக்கு டோக்கன் என்றால் அலர்ஜி என்று வீடே கேலி பேசும்.

ஸ்கேல் எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்காவுக்கு இருபத்தெட்டு வயதில் பேச்சு மாறியது. சுவரோடு பேசினாள், அடுப்போடு பேசினாள். சின்னக்காவுக்கு வரன் கூடிவந்த நேரம். வீட்டில் இப்படி ஒருத்தி இருப்பது தெரிந்தால் யார் கை நனைப்பார்கள்? அப்பா முடிவெடுத்தார். அப்பா முடிவெடுத்தால் அந்த வீட்டில் பல்லிகூடச் சத்தம் போடாது. அக்கா யார் சொன்னாலும் வரமாட்டாள், தம்பி கூப்பிட்டால் வருவாள். அதனால் அவர்தான் கூட்டிப் போனார். வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார். "இங்கயே இரு அக்கா. டோக்கன் வாங்கிட்டு வரேன்." உள்ளே அப்பா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். இருவரும் பின்வாசல் வழியாக வெளியே வந்தார்கள்.

ஒரு மாதத்தில் வேறு ஊருக்குக் குடிமாறினார்கள். அப்போதுதான் அவருக்குப் பதிவு அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. "ஒரு வரி எழுதிடு. எல்லாருக்கும் நிம்மதி," என்றார் அப்பா. எழுதினார். காரணம்: காய்ச்சல். மேல் வரியில் ஒரு கிழவர், கீழ் வரியில் ஒரு குழந்தை. இருவரும் நிஜமாகவே செத்தவர்கள். நடுவே அக்கா. மை ஒற்றும்போது முதுகுப் பக்கம் யாரோ குனிந்து எட்டிப் பார்ப்பது போல இருந்தது. அதன்பிறகு முப்பத்தெட்டு வருடம், ஒவ்வொரு சாவையும் எழுதும்போது அந்த மூச்சு பிடரியில் பட்டது. பட்டப்பகலில், மின்விசிறி சுற்றுகையில், பத்துப் பேர் சுற்றியிருக்கையில். தான் பெற்ற பெயர் எதனால் என்று அவருக்குத்தான் தெரியும். கை நடுங்கக்கூடாது என்று அவர் அழுத்திப் பிடித்த பிடிதான் அடித்தல் இல்லாத அந்த எழுத்து.

சாயங்காலம் மகளைக் கூப்பிட்டார்.

"அந்த ஒரு கோப்ப விட்டுடு."

"இருநூத்திப் பன்னெண்டு கோப்பு. எண்ணிப் பாப்பாங்க."

"சின்ன அத்தையோட பேத்திக்கு வரன் பாக்கறாங்க. நாளைக்கு எவனாவது தோண்டி எடுத்து இந்தக் குடும்பத்துல இப்படின்னு எழுதுவான். எங்கப்பா கட்டிக் காத்த பேரும்மா."

அவள் சொன்னாள்: "மறைக்க என்னால முடியாது. ஆனா ஒரு வழி இருக்கு. நெருங்கின சொந்தக்காரங்க எழுதிக் குடுத்தா முப்பது வருஷத்துக்கு யாருக்கும் காட்டாம மூடி வைப்பாங்க. இது எனக்குத் தெரிஞ்ச முகம்னு மட்டும் அதிகாரிகிட்ட சொல்லியிருக்கேன். அதுக்கு மேல நீங்கதான் சொல்லணும்."

மறுநாள் காலை ஸ்கேல் கஞ்சி போட்ட சட்டை அணிந்து காப்பகத்துக்குப் போனார். நுழைந்ததும் ஓர் இயந்திரம் இருந்தது. பொத்தானை அமுக்கினால் எண் வரும். இரண்டு முறை நீட்டிய விரலை இழுத்துக்கொண்டு, மூன்றாவது முறை அமுக்கினார். முப்பத்தொன்று. சுவரோரம் நீளமான மரப் பெஞ்ச். ஓரமாக உட்கார்ந்தார். ஆளே இல்லாத பெஞ்சில் அவர் ஏன் அவ்வளவு ஓரமாக உட்கார்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் இடம் விட்டிருந்தார். அந்த இடத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் பலகை லேசாக அழுந்தியதை உணர்ந்தார். தேங்காயெண்ணெய் தேய்த்த தலையின் வாசனை வந்தது. எண் முப்பத்தொன்று என்று அழைத்ததும் அவர் எழுந்த வேகத்தில் காவலாளி திரும்பிப் பார்த்தான்.

காப்பக அதிகாரி ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மேசையின் மறுபக்கத்தில் மகள் பட்டியலும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். அப்பா என்று கூப்பிடவில்லை. வேலை இடத்தில் அதுதான் முறை. அவருக்கு அது பிடித்திருந்தது.

"உக்காருங்க சார். நானும் வரலாறு படிச்சவதான். எங்க மாமியார் இன்னும் நான் எங்கயோ கிளார்க்கா இருக்கேன்னுதான் சொல்லிட்டிருக்காங்க," என்று சிரித்தபடி விண்ணப்பத்தை வாங்கினார்.

விண்ணப்பத்துக்குப் பின்னால் ஒரு தாள் இணைக்கப்பட்டிருந்தது. உறவுக்குச் சான்று வேண்டும் என்று எழுதியிருந்ததால், அக்காவின் பெயரும் அப்பாவின் பெயரும் ஒன்றாக இருக்கும் ஒரே காகிதத்தை ஸ்கேல் கொண்டுவந்திருந்தார். இணைப்பு இல்லாத மனுவை அவர் ஆயுளில் கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை. அது இறப்புச் சான்றிதழ்.

அதிகாரி அதைப் படித்தார். கோப்பைப் படித்தார். மறுபடி அதைப் படித்தார்.

"சார், இதுப்படி உங்க அக்கா தவறி நாப்பது வருஷம் ஆகுது. எங்க கோப்புல இருக்கறவங்க அதுக்கப்புறம் இருபத்திநாலு வருஷம் சாப்பிட்டிருக்காங்க, தூங்கியிருக்காங்க, பல்வலின்னு மருந்து வாங்கியிருக்காங்க. செத்தவங்களுக்குப் பல் வலிக்குமா?"

ஸ்கேல் சான்றிதழையே பார்த்தார்.

"அப்ப இவங்க உங்க அக்கா இல்ல. ஒரே பேரு, ஒரே மாதிரி முகம், விலாசத்த யாரோ தப்பா குடுத்திருக்காங்க. நீங்களே பதிவு ஆபீஸ்ல இருந்தவரு. உங்க காகிதத்த நான் சந்தேகப்படறதா? மூடி வைக்க உங்களுக்கு உரிமை இல்ல, அவசியமும் இல்ல. உங்க குடும்பத்துப் பேரு இதுல வரவே வராது."

சான்றிதழைப் பத்திரமாக மடித்து அவர் பக்கம் நகர்த்தினார். ஸ்கேல் அதை எடுத்துக்கொண்டார். முடிந்தது. முப்பது வருடம் இல்லை, என்றைக்குமாக முடிந்தது. அவருடைய அந்த ஒரு வரி, அப்பா கேட்ட அந்த ஒரு வரி, இன்னும் காவல் நிற்கிறது. வணங்கிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

"எழுதிக்கோம்மா," என்று அதிகாரி மகளிடம் திரும்பினார். "நூத்தி நாப்பத்தேழு. பெண். உறவினர் எவருமில்லை. உடலை யாரும் கேட்டு வரவில்லை. அநாதை என்று நிர்வாகமே அடக்கம் செய்தது."

மகள் எழுதினாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைகீழாக இருந்தாலும் அவரால் படிக்க முடிந்தது, ஏனென்றால் அது அவருடைய எழுத்தேதான். அதே நிமிர்வு, அதே அழுத்தம். உறவினர். எவருமில்லை. அ. நா.

"நிறுத்தும்மா," என்றார்.

பேனா நின்றது.

"அநாதையா? எங்க வீட்டுப் பொண்ணு அநாதையா?" அவர் குரல் அந்த அறைக்குப் பெரிதாக இருந்தது. "எங்க பெரியப்பா வீட்டு வேலைக்காரம்மா செத்தப்பகூட நாலு பேரு தோள் குடுத்த குடும்பம் இது. எழுதாதீங்க அப்படி."

"சார், காகிதம்..."

"காகிதம் பொய். நான் எழுதினது. இருபத்திரெண்டு வயசுல, என் கையால, தெரிஞ்சே எழுதினேன். உயிரோட இருந்தவள." நின்றுகொண்டே பேசினார், முதுகு வளையவில்லை. "இவ என் கூடப்பிறந்த மூத்தவ. பெஞ்சுல உக்கார வச்சிட்டு வந்தது நான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்றத எழுத்துல வாங்கினா, உங்க பழைய ஆபீஸுக்கு நான் தெரிவிச்சே ஆகணும். பென்ஷன், பேரு எல்லாத்துலயும் கை வைப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க இப்ப எழுந்து போனாலும் நான் எதையும் கேக்கலன்னு இருந்துடுவேன்."

"பேரக் காப்பாத்தத்தான் வந்தேன். ஒரு வெள்ளத்தாள் குடுங்க."

எழுதினார். கை நடுங்கியது, முதல்முறையாக நடுங்கவிட்டார். இரண்டாவது வரியில் ஒரு சொல்லை அடித்துத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார்.

"மூடி வைக்கணுமா?" என்றார் அதிகாரி. "இப்ப உங்களுக்கு உரிமை இருக்கு."

அவர் மகளைப் பார்த்தார். அவள் கன்னம் நனைந்திருந்தது. பேனா மட்டும் தாளின் மேல் தயாராக இருந்தது.

"வேண்டாம். உறவினர்னு போட்டு என் பேர எழுது. விலாசம் நம்ம வீட்டு விலாசம். பழசு வேண்டாம்."

வெளியே வரும்போது பெஞ்ச் காலியாக இருந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து, படியில் ஒரு காலை வைத்து, திரும்பிப் பார்க்காமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். வெயில் உள்ளே விழுந்தது. ஒருவர் தாராளமாகக் கடந்து போகக்கூடிய நேரம் நின்றார். அதற்கு மேலும் நின்றார், நடந்து பழக்கம் விட்டுப்போனவளுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு.

காவலாளி எழுந்து வந்தான். "யாராவது வரணுமா சார்?"

"ஆமா," என்றார் ஸ்கேல்.