மெதுவாக வந்த மஞ்சள் கார்

1.

"தாத்தாவுக்கு நெஞ்சு வலிச்சப்பவும் கார் சிவப்பு விளக்குல நின்னுச்சாம்மா?"

என் ஆறு வயது மகள் பல் துலக்கிக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு கேட்ட கேள்வி இது. "நின்னுச்சு," என்றேன். "சமத்து," என்று சொல்லிவிட்டுக் கொப்பளிக்கப் போய்விட்டாள். நான்தான் அந்தக் கேள்வியை விட்டு நகர முடியாமல் நிற்கிறேன். கதை பிறந்தது அங்கே. என் கற்பனை என்று பெருமையடித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று வானம் இருண்டு கிடந்தது. ஏதோ நடக்கப்போகிறது என்று..." (இல்லை. நல்ல வெயில். துணி உலர்த்தத் தோதான நாள்.)

அடுத்தது: "முப்பது வருடங்களில் இரண்டாயிரம் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த என் அப்பா..." (அப்பா படித்தால் "இரண்டாயிரத்து நானூறு" என்று திருத்துவார். வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே, ஆளில்லாத சாலையில், பாடத்தின் நடுவே அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் திரைச்சீலை தைக்கும் ஒரு பெண்மணி. தேர்வில் மூன்று முறை தோற்றவர். அப்பா அவருக்கு வைத்திருந்த பெயர் ஆமை. அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார். "ஆமைக்கு ஆயுசு ஜாஸ்தி சார்," என்று அவரும் சிரிப்பார்.

ஆம்புலன்ஸ் வந்து திரும்புவதற்குள் போய்விடலாம் என்று அப்பா கணக்குப் போட்டார். எனக்கு ஒரு போன்: "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கும்மா. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துடு. ஆமை ஓட்டுது." பிறகு வியர்த்து வழிய அவரிடம் சொன்னாராம்: "கண்ணாடி பாருங்க. இண்டிகேட்டர் போடுங்க. இப்ப திருப்புங்க."

3.

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். நான்கிலும் நான் நல்லவளாகவே இருக்கிறேன். ஒன்றில் அந்தப் பெண்மணியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். இன்னொன்றில் "உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே..." (அப்படி யாரும் எதுவும் சொல்லவில்லை.)

என் அலுவலகம் பக்கத்தில்தான். நான் முன்பே வந்து வாசலில் காத்து நின்றேன். கால் மணி நேரத்தில் வரவேண்டிய கார், அரை மணி நேரம் கழித்து வந்தது. மஞ்சள் கார், தலையில் பயிற்சிப் பலகை. வாசலுக்கு எதிரே இண்டிகேட்டர் கண் சிமிட்ட நின்று, ஒரு ரொட்டி வேனுக்கு வழிவிட்டது. பிறகு திரும்பி உள்ளே வந்து, சரியாக இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றது. அப்பாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே நின்ற அத்தனை பேர் முன்னாலும் நான் அந்தப் பெண்மணியிடம் சொன்னேன்:

"நடந்து வந்திருந்தாக்கூட இதைவிடச் சீக்கிரம் வந்திருக்கலாம்."

அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

4.

அப்பா பிழைத்தார். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். (கடவுளுக்கு நன்றி சொல்லும் வாக்கியம் ஒன்று இங்கே இருந்தது. நீளமாகப் போனதால் எடுத்துவிட்டேன். அவர் ஏற்கெனவே கேட்டிருப்பார்.)

அம்மா உப்பு டப்பாவைத் துணி அலமாரியில் ஒளித்து வைத்தார். அப்பா கூடத்தில் நடை பழகினால் பின்னாலேயே போனார்.

"மெதுவா. மெதுவா."

"இதைவிட மெதுவான்னா ரிவர்ஸ்லதான் போகணும்."

"பேசாம நடங்க. பேசினா மூச்சு வாங்கும்."

"பேசறது நீ. மூச்சு வாங்கறது எனக்கு."

வாரத்துக்கு ஒரு முறையாவது அப்பா என்னிடம் கேட்பார்: "ஆமை வந்துச்சா?"

"வரலப்பா."

அந்தப் பெண்மணி பயிற்சியை விட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரியும். "எனக்கு இது சரிப்படாதும்மா," என்று போனில் என்னிடம்தான் சொன்னார். உரிமம் கிடைத்தால், திரைச்சீலைகளை வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டும் வேலையை அவருக்குத் தருவதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள். அதுவும் கை நழுவிக்கொண்டிருந்தது.

மருத்துவரிடம் தனியாகக் கேட்டேன். "நேரத்துக்குள்ளதான் வந்தாங்க," என்றார். "பதறிப்போய் எங்கயாவது இடிச்சிருந்தா, வந்தே சேர்ந்திருக்க மாட்டாங்க."

5.

அந்தப் பெண்மணியின் தையல் அறைக்குப் போனேன். மடிமேல் நீலத் துணி அலையலையாகக் கிடந்தது.

"சார் எப்படி இருக்கார்?"

"உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார்."

அவர் ஊசியில் நூல் கோத்தார். நான் ஆரம்பித்தேன். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது..."

"என்ன சொன்னீங்க? அங்க ஒரே சத்தம். எனக்கு ஒண்ணும் காதுல விழலையே."

(விழுந்திருந்தது. நிமிராமலே சொன்னார். மன்னிப்புக் கேட்கும் கஷ்டத்தை எனக்கு வைக்காமல், அதையும் தானே தைத்து மூடிவிட்டார். இப்படிப்பட்டவர்களுக்கு எந்தக் கையால் என்ன திருப்பிக் கொடுப்பது?)

கேட்க நினைத்ததை விட்டுவிட்டு வேறொன்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் பரிசோதனை. எனக்கு ஆபீஸ்ல வேலை. நீங்க ஓட்டிட்டுப் போறீங்களா? அவர் பக்கத்து சீட்ல உக்காரலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

"என்னை நம்பியா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் தைத்தார். "நான் மெதுவாத்தான் போவேன்."

"போங்க."

(அலுவலகத்தில் வேலை எதுவும் இல்லை. விடுப்பு எடுத்திருந்தேன். அந்தப் பொய்க்கு உரிய இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.)

6.

முடிவு எங்கே என்று கதை கேட்கிறது. ஒன்று: அடுத்த மாதத் தேர்வில் அவர் தேறிவிடுகிறார். இரண்டு: நான்காம் முறையும் தோற்று, அப்பாவிடம் வசவு வாங்கிக்கொண்டு, ஐந்தாவதுக்கு விண்ணப்பம் போடுகிறார். இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் அவரை வேகமாக ஓட்ட வைத்துவிடாதீர்கள்.

என்னிடம் இருப்பது அந்த வெள்ளிக்கிழமை மட்டும்.

மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அம்மா பிரார்த்தனைக்குப் போயிருந்தார். கார் தெருமுனையில் நின்று, யாருமே வராத இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பியது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

கால் மணி நேரம் ஆனதும் கை தானாகக் கைப்பேசிக்குப் போனது. அதை அணைத்து இழுப்பறைக்குள் வைத்தேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, கட்டிலில் கவிழ்த்து வைத்தேன். பிறகு உலர்ந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்தேன்.

அன்று அவர்கள் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று இதுவரை நான் யாரையும் கேட்கவில்லை.