சம்பளம் இல்லாத ஆபீஸம்மா

வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் பிளம்பர் இரண்டு நாள் பிரிக்காமலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் அவர் மனைவி பிரித்துப் படித்தாள். மிரட்டல் ஒன்றும் இல்லை. போன வருடம் 'தொழில் செலவு' என்று ஒரே வரியில் ஒரு மொத்தத் தொகையை எழுதிக் கொடுத்திருந்தாரே, அதை இனம் பிரித்து ரசீதோடு காட்டச் சொல்லியிருந்தார்கள்.

"ஆடிட்டர்கிட்ட போயிடலாங்க. நீங்க பாட்டுக்கு எதையாவது எழுதி வச்சா, அதுக்கு இன்னொரு கடிதாசு வரும்" என்றாள்.

ஆடிட்டரின் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. மூன்று நாற்காலி போட்டால் நிறைந்துவிடும் அறை. ஆடிட்டர் முப்பது வயதைத் தாண்டாத பெண். அவள் முன்னால் மனைவி மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுக் கட்டுகளை அடுக்கினாள். ஆடிட்டர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"பைப்பு, வாஷர், குழாய் சாவி எல்லாம் சரி. இரும்பு முனை வச்ச இந்த ஷூவும் எழுதலாம். இது என்ன, சட்டையா?"

"வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டைதான் மேடம்."

"கல்யாண வீட்டுக்கும் போட்டுட்டுப் போவீங்கல்ல? அப்ப வராது. மத்தியானச் சாப்பாடும் வராது. வேனுக்குப் போட்ட டீசல்ல வேலைக்கு ஓடினது மட்டும். மச்சான் வீட்டுக்குப் போனதெல்லாம் கழிச்சிடணும்."

"மச்சான் வீட்டுலயும் குழாய் ஒழுகும் மேடம்."

"காசு வாங்குனீங்களா?"

பிளம்பர் சில டீசல் ரசீதுகளை எடுத்து ஓரமாக வைத்தார். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அடுத்தது ஃபோன். வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒரே எண். எத்தனை அழைப்பு வேலைக்கு வருகிறது என்று தெரிந்தால் அந்தப் பங்கைச் செலவில் எழுதலாம் என்றாள் ஆடிட்டர். மனைவி பையிலிருந்து தடிமனான ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். வந்த நேரம், கூப்பிட்டவர், கதவு எண், என்ன கோளாறு, எந்த நாள் வேலை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. சில வரிகளுக்குப் பக்கத்தில் சின்னதாக 'மு' என்று போட்டு வட்டமிட்டிருந்தது.

"இந்த 'மு' என்ன?"

"முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்றார் பிளம்பர். மனைவி ரசீதுக் கட்டு ஒன்றின் ரப்பர் பேண்டைச் சரிசெய்தாள்.

"யார் எழுதினது இதெல்லாம்?"

"இவதான். பதினோரு வருஷமா இவதான் ஃபோன் எடுக்குறா. கஸ்டமருங்க எல்லாம் ஆபீஸம்மான்னுதான் கூப்பிடுவாங்க."

"இவங்களுக்கு என்ன சம்பளம் கொடுக்கறீங்க?"

பிளம்பர் சிரித்தார். "வீட்டு ஆளு மேடம்."

"வீட்டு ஆளா இருந்தாலும் நிஜமா வேலை செஞ்சா, அதுக்கு நியாயமான சம்பளம் கொடுத்தா, அது தொழில் செலவுதான். எழுதலாம்."

பிளம்பருக்கு முகம் மலர்ந்தது. "அப்ப போன வருஷத்துக்கு ஒரு பெரிய தொகையாப் போட்டுடுங்க."

"கொடுத்தீங்களா?"

"இல்ல, ஆனா..."

"கொடுக்காததைக் கொடுத்ததா எழுத முடியாது சார். இனிமே கொடுத்தா, இனிமே எழுதலாம். அழைப்புக் கணக்கை மட்டும் எண்ணிட்டு வந்துடுங்க. மூணு மாசத்துக்குப் பார்த்தாப் போதும்."

திரும்பி வரும்போது வேனில் மனைவி வாய் திறக்கவில்லை. அவளைச் செலவுக் கணக்கில் சேர்க்கப் பார்த்ததில் கோபமோ என்று பிளம்பர் நினைத்தார்.

"என்னம்மா, செலவுன்னு சொன்னதுல வருத்தமா?"

"அதெல்லாம் இல்லீங்க." சிக்னல் மாறும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சம்பளம்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சே. கல்யாணத்துக்கு முன்னாடி துணிக்கடை பில் கவுண்டர்ல இருந்தப்போ யாரோ கேட்டது. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான்."

பச்சை விழுந்தும் பிளம்பர் வண்டியை எடுக்காமல் நின்றார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

மறுநாள் ஞாயிறு. அவர் சமையலறை மேசையில் நோட்டை விரித்து, வேலைக்கு வந்த அழைப்புகளை எண்ண உட்கார்ந்தார். எண்ண ஆரம்பித்தவர் படிக்க ஆரம்பித்தார். 'மாடி வீட்டுப் பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, கதவு தட்டியதும் பெயர் சொல்ல வேண்டும்.' 'ஆறாம் எண் வீட்டில் பச்சைக் குழந்தை, மணி அடிக்கக் கூடாது.' 'இவர் காசு கொடுக்க இழுப்பார், பாதி முன்பணம்.' காலையில் கிளம்பும்போது இதையெல்லாம் அவள் வாயால் சொல்லி அனுப்புவாள். எழுதி வைத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

'மு' போட்ட ஒரு வரி கண்ணில் பட்டது. தண்ணீர்த் தொட்டி மாற்றும் வேலை. கூப்பிட்டது செவ்வாய், வேலை வியாழன். முடிந்த வேலை என்றால் எல்லா வரியிலும் 'மு' இருக்க வேண்டுமே? அடுத்ததைப் பார்த்தார். அதுவும் தள்ளிப் போட்ட வேலை. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஒரு நாளைக்கு மூன்று வேலைக்கு மேல் இல்லை. நாலாவதாக வந்ததெல்லாம் 'மு'.

இரண்டு வருடம் முன்பு அவருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு தொழில் கொஞ்சம் படுத்துவிட்டது, அழைப்புகள் குறைந்துவிட்டன என்றுதான் அவர் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தார். தனக்கு வயதாகிவிட்டது என்று ஜனங்களுக்குத் தெரிந்துபோயிற்றோ என்றுகூட உள்ளுக்குள் மருகியிருக்கிறார்.

"இங்க வா. இந்த 'மு' என்னது?"

அவள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள், ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"முட்டி" என்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பீங்களா? நாலு என்ன, ஆறுக்கும் கிளம்பியிருப்பீங்க. ராத்திரி காலை நீட்ட முடியாம முனகுறது எனக்குத்தானே கேக்குது."

"நாலாவது ஆளுங்ககிட்ட என்ன சொன்ன?"

"எங்க ஆளு ரொம்ப பிஸி, ஆனா வந்தா வேலை சுத்தமா இருக்கும்னு சொன்னேன். காத்திருந்தாங்க. முக்கால்வாசிப் பேரு காத்திருந்தாங்க."

பிளம்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி, என்ன சம்பளம் வேணும், சொல்லு."

அவள் யோசித்து ஒரு தொகை சொன்னாள்.

"அதுக்கு எவ வருவா?" என்று அவர் ஏற்றினார். அவள் தொழில் தாங்காது என்று இறக்கினாள். அவர் மறுபடி ஏற்றினார். முதலாளி ஏற்றுவதும் வேலைக்காரி இறக்குவதுமாக ஒரு பேரம் நடந்தது. வெளியாள் ஒருத்தியை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதுதான் நியாயம் என்று கடைசியில் ஆடிட்டர்தான் ஃபோனில் சொல்லித் தீர்த்து வைத்தாள்.

"பணம் என் பேர்ல இருக்கற கணக்குக்கு வரணும். அப்புறம், வாரத்துல ஒரு நாள் லீவு" என்றாள் மனைவி.

"லீவா? ஞாயித்துக்கிழமைதான் இருக்கே."

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு. எனக்குப் புதன்."

வங்கியில் கணக்கு திறக்கும் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் பேனா நின்றது. பழக்கத்தில் இல்லத்தரசி என்று எழுத ஆரம்பித்து 'இல்' வரை வந்திருந்தாள். அதை அடித்துவிட்டு, 'அலுவலக நிர்வாகி' என்று எழுதி, "பெரிய வார்த்தையா இருக்கோ?" என்று அவரிடம் மெதுவாகக் கேட்டாள். "பொருத்தமாத்தான் இருக்கு" என்றார் அவர்.

முதல் சம்பளம் வந்த வாரம், புதன்கிழமை அவள் ஒருத்தியாக மத்தியானக் காட்சிக்குச் சினிமா பார்க்கப் போனாள். அன்றைக்கு ஃபோன் அவரிடம். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் "ஆபீஸம்மா இல்லையா?" என்றார்கள். "லீவுல இருக்காங்க" என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அது பிடித்துப்போயிற்று. ஒரு கதவு எண்ணைத் தப்பாகக் குறித்து, யாரோ ஒருவர் வீட்டு மணியை அடித்துத் திட்டு வாங்கினார். நாலாவது வேலை ஒன்று வந்தது. கொஞ்சம் யோசித்து, நாளைக்கு வருகிறேன் என்றார்.

சாயங்காலம் அவள் வந்தபோது அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஃபோனைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"படம் எப்படி?" என்றார்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்து முதல் காட்சியிலிருந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். இடைவேளைக்கு வரவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் நடுவில் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து, "ம், அப்புறம்?" என்றார்.